ஃபோல்ட்ஸ்கோப்: காகித நுண்ணோக்கியோடு ஒரு வருஷம்

கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் துணி செக்கிங் வேலை பார்க்கிறேன். 17 வருஷமாக என் சட்டைப் பையில் ஒரு பிக் கிளாஸ் இருக்கிறது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: மடக்கி விரிக்கிற சின்னச் சட்டம், அடியில் ஒரு அங்குலச் சதுரத்தில் ஓட்டை, மேலே ஒரு லென்ஸ். துணிமேல் வைத்துக் குனிந்தால் அந்த ஒரு அங்குலத்துக்குள் பாவு எத்தனை நூல், ஊடை எத்தனை நூல் என்று எண்ணிவிடலாம். துண்டு, படுக்கை விரிப்பு, திரைச்சீலை, எது வந்தாலும் முதலில் இந்தக் கண்ணாடிதான் அதன்மேல் உட்காரும்.

மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவைத்துக்கொண்டு தன் பாவாடை, தலையணை உறை, அம்மாவின் முந்தானை என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, "அப்பா, நூலுக்குள்ள என்ன இருக்கு?" என்றாள். பஞ்சு என்றேன். "பஞ்சுக்குள்ள?" என்றாள். 17 வருஷம் நூலோடு குடித்தனம் நடத்துகிறவன், அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. "தெரியலையே கண்ணு, பெருசாக்கிக் காட்டுற கண்ணாடி வாங்கிப் பாக்கலாம்" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் வாங்கியது ஃபோல்ட்ஸ்கோப் இல்லை. இணையத்தில் தேடி, பெட்டியில் "1200 மடங்கு" என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் நுண்ணோக்கியை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம், அதே மாதிரி பத்துப் பெயர்களில் விற்கிறார்கள். பார்க்க ஆய்வுக்கூடத்தில் இருப்பது போலவே இருக்கும். கண்ணை வைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம், நடுவில் தன் கண்ணிமையின் நிழல். திருகைத் திருப்பினால் மூட்டம் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். என் தொழிலில் இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். துணியை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நூல் எண்ணிக்கை கூடாது. படத்தை எத்தனை மடங்கு இழுத்தாலும், லென்ஸ் தெளிவாகக் காட்டாததை அந்த எண் காட்டித் தராது.

பணம் போனதைவிட எனக்கு வலித்தது வேறு. நாலு நாள் மல்லுக்கட்டிவிட்டு அவள், "எனக்குப் பாக்கத் தெரியலைப்பா" என்று பெட்டியை மூடி வைத்தாள். கருவி மோசம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றாது. தனக்குத்தான் வரவில்லை என்றே நினைத்துக்கொள்ளும். மலிவான அறிவியல் பொம்மைகள் வாங்குகிற பெற்றோர் எல்லோரிடமும் இதைத்தான் சொல்லி வருகிறேன். வேலை செய்யாத பொம்மைக் கார் என்றால் பிள்ளை அழுதுவிட்டு மறந்துவிடும். எதுவும் தெரியாத நுண்ணோக்கி அப்படிப் போவதில்லை, "நீ இதுக்கு லாயக்கில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறது.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் கழித்துத்தான் ஃபோல்ட்ஸ்கோப் வீட்டுக்கு வந்தது. வாங்குவதற்கு முன் அது என்ன, யார் செய்தது என்று படித்துப் பார்த்தேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்பவரும் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த ஜிம் சிபுல்ஸ்கியும் சேர்ந்து உருவாக்கியது. மனு பிரகாஷ் நம் நாட்டுக்காரர்தான், மீரட்டில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்தவர். தாய்லாந்தில் ஓர் ஆய்வு நிலையத்துக்குப் போனபோது, அங்கே இருந்த விலை உயர்ந்த நுண்ணோக்கியை, உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் தொடத் துணியாததைப் பார்த்திருக்கிறார். தொடுவதற்குப் பயமில்லாத ஒரு நுண்ணோக்கி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. 2014-இல் இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. பாகங்களின் செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த குறி. நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கொண்டுபோக அவர்களோடு கைகோத்திருக்கிறது.

பெட்டியைத் திறந்தால் நுண்ணோக்கி இருக்காது. அச்சடித்த தாள்தான் இருக்கும். சாதாரணத் தாள் இல்லை, நனைந்தாலும் ஊறாத, லேசில் கிழியாத தாள். குத்துக்கோடு போட்ட பாகங்களைப் பிய்த்தெடுத்து, கோட்டில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். கடைசியில் லென்ஸ். அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கடுகைவிடச் சின்ன ஒரு கண்ணாடி மணி. இதுவா?

நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பாகத்தை எடுத்துத் தலைகீழாக மடித்துவிட்டேன். "நீங்க வைங்கப்பா, நானே பண்றேன்" என்று என் கையிலிருந்து வாங்கி, பிரித்து, திருப்பி மடித்தாள். படத்தைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு மடிப்பாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரியவர்கள் செய்தால் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் தயவுசெய்து நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பொருளுக்குக் கொடுக்கிற காசில் பாதி அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். எது எதற்குள் போகிறது, எதை நகர்த்தினால் எது நகரும் என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் செய்தவள் அவள். இன்றைக்கும் படம் மங்கினால் என்னிடம் வருவதில்லை. அவளே கழற்றி, லென்ஸை மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி மாட்டிவிடுகிறாள்.

முதலில் பார்த்தது வெங்காயத் தோல். சின்ன வெங்காயத்தை ஒடித்து, உள் அடுக்கின் ஓரத்தில் நகத்தால் கிள்ளி இழுத்தால் ஈரமான, கண்ணாடி போன்ற சவ்வு ஒன்று உரிந்து வரும். கத்தி, பிளேடு எதுவும் வேண்டாம். அதை ஸ்லைடு என்கிற சில்லில் விரித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே மூடுவில்லை என்கிற மெல்லிய தகட்டை வைத்து, ஃபோல்ட்ஸ்கோப்பில் செருகி, ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மிக அருகில், கண்ணிமை உரசுகிற அளவுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டு கட்டைவிரல்களாலும் தாளை மெல்ல நகர்த்தினால் படம் தெளியும்.

ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கண்ணை எடுக்காமலே, "அப்பா, செங்கல் செவுரு" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். செங்கல் சுவர்தான். கட்டம் கட்டமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்கிய நீள நீளமான செங்கற்கள். 140 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது இந்த லென்ஸ். ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் வருவது ஒரு மைக்ரான், அதில் இரண்டு மைக்ரான் இடைவெளி இருந்தாலே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டிவிடும். 1200 மடங்கு பெட்டி காட்டாததை 140 மடங்குத் தாள் காட்டியது.

அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் எது கிடந்தாலும் அது ஃபோல்ட்ஸ்கோப்புக்குள் போனது. செம்பருத்தி மகரந்தம்: உடம்பெல்லாம் முள் முளைத்த உருண்டைகள். வண்ணத்துப்பூச்சி இறக்கைத் தூள்: ஓடு வேய்ந்தது போல வரிசையாக அடுக்கியிருக்கும் செதில்கள் (செத்துக் கிடந்த பூச்சிதான், உயிரோடு பிடிக்கக் கூடாது என்று அவளே விதி போட்டுக்கொண்டாள்). உப்பு. கொசுப்புழு, அது பின்பக்கத்துக் குழாய் வழியாக மூச்சு விடுவதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து, வாளித் தண்ணீரை மூடி வைக்கச் சொல்லி அவள் எங்களை விரட்டுகிறாள். கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எங்கே எடுத்தது, என்றைக்கு, என்ன தெரிந்தது என்று எழுதி, வட்டம் போட்டு அதற்குள் பார்த்ததை வரைகிறாள்.

அந்த நோட்டில் முதல் மூன்று பக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றிலும் "கிருமி" என்று தலைப்புப் போட்டு, கறுத்த விளிம்போடு அழகான வட்டங்கள் வரைந்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டியில் கிருமி, மோரில் கிருமி, எச்சிலில் கிருமி. எனக்கும் கிருமி என்றுதான் பட்டது, பெருமையாக அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். நாலாவது நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. எல்லாத்திலயும் ஒரே மாதிரி கிருமி எப்படி இருக்கும்? காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். அதிலும் அதே வட்டம். மூடுவில்லையை நகத்தால் அழுத்தினாள், இரண்டு வட்டங்கள் சேர்ந்து ஒரு பெரிய வட்டமாயின. காற்றுக் குமிழி.

அந்தப் பக்கங்களைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. "கிருமி" என்பதன்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "காத்துக் குமிழி. விளிம்பு கறுப்பா இருக்கும், தானா நகராது" என்று எழுதி வைத்தாள். பின்னால் ஒரு நாள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகள் கூடிப் பார்க்கும்போது, எட்டாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன், "ஏய், பாக்டீரியாடா!" என்று கத்தினான். இவள் அவன் தோளைத் தொட்டு, "அது காத்துக் குமிழிண்ணா. அமுக்கிப் பாருங்க, ஒட்டிக்கும்" என்றாள். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்காத பெண். தன்னைவிட நாலு வயது மூத்த பையனிடம் அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். தானே மூன்று பக்கத்துக்குத் தப்புப் பண்ணியிருக்காவிட்டால் அவளால் அதைச் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது வைக்கோலால். வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஒரு பிடி வைக்கோலை நறுக்கிப் போட்டு, நாலைந்து நாள் வைத்தால் அதில் உயிர்கள் பெருகும் என்று நான்தான் சொல்லிவைத்தேன். மூன்றாம் நாளே நாற்றம். "ஏனுங்க, சமையக்கட்டு வரைக்கும் வருதுங்க, கொண்டு போயிக் கொட்டுங்க" என்றாள் மனைவி. இரண்டு முறை சொட்டெடுத்துப் பார்த்ததில் குப்பைதான் தெரிந்தது. நானும், "விடு சாமி, ஒண்ணும் வராது போல" என்றேன். அவள் பாட்டிலை மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் மாலை, சூரியன் இறங்குகிற நேரம், மாடியிலிருந்து ஒரு கூச்சல்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிச் செருப்பு மாதிரி ஒன்று, உருண்டுகொண்டே வட்டத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. தொடர்ந்து இன்னொன்று. ஒரு வைக்கோல் துணுக்கில் முட்டி, பின்னுக்கு வந்து, திசை மாற்றிக்கொண்டு போனது. "பாராமீசியம்" என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பத்தாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்தவன் நான், பார்த்ததில்லை. சொல்லவில்லை. அவள் அதற்குச் "செருப்பான்" என்று பெயர் வைத்து, அதன் நடையை நோட்டில் அம்புக்குறி போட்டு வரைந்து முடித்த பிறகு, இரண்டு நாள் கழித்து, உலகத்தில் மற்றவர்கள் அதை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். "அவங்களும் பாத்திருக்காங்களா?" என்றாள். சந்தோஷமா ஏமாற்றமா என்று தெரியாத குரல்.

அதோடு நிற்கவில்லை. "இது தண்ணில இருந்து வந்துச்சா, வைக்கோல்ல இருந்து வந்துச்சா?" தண்ணீரிலிருந்துதான் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு உண்மையில் தெரியுமா? "எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். ராத்திரி படுக்கும்போது யோசித்திருப்பாள் போல. காலையில் மூன்று பாட்டில் கேட்டாள். ஒன்றில் வாய்க்கால் தண்ணீர் மட்டும். ஒன்றில் காய்ச்சி ஆறிய தண்ணீரும் வைக்கோலும். மூன்றாவதில் வாய்க்கால் தண்ணீரும் வைக்கோலும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மூன்றாவதில் கூட்டம். முதலாவதில் அங்கொன்றும் இங்கொன்றும். காய்ச்சிய தண்ணீர்ப் பாட்டிலில், ஒன்றும் இருக்காது என்று நான் நினைத்ததில், செருப்பான் இல்லை, ஆனால் சின்னச் சின்னதாக வேறு எவையோ ஓடிக்கொண்டிருந்தன. காய்ந்த வைக்கோலில் ஒட்டிக்கொண்டு உறங்கிக் கிடந்து, தண்ணீர் பட்டதும் விழித்துக்கொள்கிற உயிர்கள் உண்டு என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். "அப்ப வைக்கோலையும் சேத்துக் காச்சுனா?" என்பது அடுத்த கேள்வி. அதற்கான பாட்டில் இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. உயிர் தானாக முளைக்குமா என்கிற இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பெரிய பெரிய அறிஞர்கள் 200 வருஷம் வாதம் பண்ணினார்கள், லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வந்துதான் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தார் என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டிலைத் திறந்த பிறகு சொல்வேன்.

அவளிடம் ஆசையாகச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஆண்டனி வான் லேவன்ஹூக் என்று ஒருவர், நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊர், 1632-இல் பிறந்தவர். தொழில் துணி வியாபாரம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணிக்கடையில் வேலை பழகி, 1654-இல் சொந்த ஊரில் கடை போட்டார். அந்தக் காலத்துத் துணிக்காரர்களும் நூலின் தரத்தை லென்ஸ் வைத்துத்தான் பார்ப்பார்கள். நான் செய்கிற அதே வேலை. அவர் அதோடு விடாமல், தாமே லென்ஸ் செய்யக் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு குட்டி லென்ஸை உலோகத் தகட்டில் பதித்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கிடைத்ததையெல்லாம் பார்த்தார். 1674-இல் ஏரித் தண்ணீரைப் பார்த்தார். யாரும் அதுவரை பார்த்திராத சின்ன உயிர்கள் நீந்தின. பிறகு தம் பல்லிடுக்கு அழுக்கையே எடுத்துப் பார்த்து, அதில் நெளிகிறவற்றைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதினார். பல்கலைக்கழகப் படிப்புக் கிடையாது, அறிஞர்கள் எழுதிய லத்தீன் மொழி தெரியாது. தம் ஊர் டச்சு மொழியிலேயே எழுதி அனுப்பினார். ஃபோல்ட்ஸ்கோப்பும் அவர் வழிதான்: ஒற்றை லென்ஸ், கண்ணோடு ஒட்டிப் பார்ப்பது.

கதையைக் கேட்டுவிட்டு அவள் என் சட்டைப் பையிலிருந்து பிக் கிளாஸை எடுத்து ஃபோல்ட்ஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்ப இது அதோட அப்பாவா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்கு அன்றைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வயது எட்டு, ஒன்பதுக்கு மேல் என்றால் சரியாக இருக்கும். என் இரண்டாமவனுக்கு ஐந்து வயது, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்க்கவே அவனுக்கு வரவில்லை. அந்த வயதுக்கு ஒரு நல்ல கை லென்ஸ் போதும், எறும்பும் இலையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஒற்றை லென்ஸ் என்பதால் தெரிகிற வட்டம் சின்னது, ஓடுகிற உயிர்களைத் துரத்திப் பிடிக்கக் கை பழக வேண்டும். ஒரு வாரம் பொறுமை வேண்டும், முதல் நாளே எல்லாம் தெரியும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். சூரியனை நேராக இதன் வழியாகப் பார்க்கவே கூடாது. இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம், வெள்ளைச் சுவர், விளக்கு, எதுவானாலும் போதும். குளம், வாய்க்கால் பக்கம் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

காந்த வளையம் ஒன்று கூட வரும், அதை வைத்துச் செல்பேசியின் கேமராவோடு ஒட்டவைத்துப் படமும் காணொளியும் எடுக்கலாம். நாலு பேர் சேர்ந்து பார்க்க அது நல்ல வசதி. ஆனால் முதல் ஒரு மாதம் செல்பேசியைத் தராதீர்கள் என்பேன். திரையில் வந்துவிட்டால் அது இன்னொரு வீடியோ ஆகிவிடுகிறது, ஐந்து நிமிஷத்தில் விரல் தானாக வேறெங்கோ தள்ளிக்கொண்டு போகும். கண்ணோடு ஒட்டிப் பார்க்கும்போது அந்த வட்டத்துக்குள் அவள் மட்டும்தான். விலை பெட்டிக்குப் பெட்டி மாறும். தகரப் பெட்டியில் சாமான்கள் நிறைய வருகிற பெரிய வகையும் உண்டு, சாதா வகையும் உண்டு. சாதா வகையே போதும். இடுக்கிக்குப் பதில் புருவம் பிடுங்குகிறது, சொட்டு மருந்துப் புட்டியின் மூடி, பழைய மாத்திரை அட்டை என்று வீட்டிலேயே எல்லாம் கிடைக்கும்.

இன்னொன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. பக்கத்தில் இருக்க வேண்டும், பேசாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ரொம்பக் கஷ்டம். "என்ன தெரியுது சொல்லு, சொல்லு" என்று நச்சரித்த நாட்களில் அவள் எனக்குப் பிடித்த பதிலைத் தேடி என் முகத்தைப் பார்த்தாள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்த நாட்களில் லென்ஸைப் பார்த்தாள்.

பஞ்சுக் கேள்விக்கு வருகிறேன். என் கைக்குட்டையிலிருந்து ஒரு நூலை உருவி, ஊசியால் பிரித்து, இழை இழையாகப் பரப்பிப் பார்த்தாள். "சுத்தப் பருத்தி" என்று சொல்லிக் கடையில் கொடுத்த கைக்குட்டை. "அப்பா, ரெண்டு மாதிரி இருக்கு" என்றாள். சில இழைகள் தட்டையான ரிப்பன் மாதிரி, இடையிடையே முறுக்கிக்கொண்டு. சில இழைகள் நேராக, வழவழவென்று கண்ணாடிக் குச்சி மாதிரி. ரிப்பன்தான் பருத்தி. ஒவ்வொரு இழையும் பருத்தி விதையில் முளைத்த ஒற்றைச் செல், உள்ளே குழல். காய் வெடித்துக் காயும்போது குழல் தட்டையாகிச் சுருண்டுகொள்கிறது. அவள் ஒரு வருஷத்துக்கு முன் கேட்டதற்குப் பதில் அதுதான்: பஞ்சுக்குள்ளே இருப்பது வெறும் இடம். கண்ணாடிக் குச்சி பாலியஸ்டர், உருக்கித் துளை வழியாகப் பிழிந்து எடுப்பது, அதனால்தான் முறுக்கே இல்லை. செக்கிங்கில் நாங்கள் செய்வது போல ஒரு நூலைத் தீயில் காட்டினேன். காகிதம் எரிகிற வாசனையும் வந்தது, நுனியில் கெட்டியான மணியும் உருண்டது. "ரெண்டும் கலந்துருக்குப்பா. நான் சொன்னேன்ல" என்றாள். 17 வருஷ அனுபவஸ்தன் தடவிப் பார்த்து வாங்கிய கைக்குட்டை.

இந்தச் செய்தி அப்பத்தாவுக்குப் போனது. என் அம்மா பெட்டியிலிருந்து தன் கல்யாணச் சேலையைக் கொண்டுவந்தார். அரக்குச் சிவப்பு, மடிப்பில் நைந்துபோனது. "இது பட்டுதானான்னு பாத்துச் சொல்லு சாமி. உங்க அப்பாரு காஞ்சிபுரத்துல எடுத்ததுன்னு சொன்னாரு." உள்முனை ஓரத்திலிருந்து ஓர் இழையை அவரே உருவிக் கொடுத்தார். மகள் ஜன்னலோரம் போய் நின்று பார்த்தாள். கூட வந்த ஜரிகைத் துணுக்கு, வெளிச்சம் ஊடுருவாமல் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. இழை வழவழவென்று, நேராக, முறுக்கில்லாமல். பட்டும் அப்படித்தான் இருக்கும், பாலியஸ்டரும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாதே, எதையாவது சொல்லி அம்மா மனசு நோகப் போகிறது என்று பயந்துகொண்டு நின்றேன். அவள் நோட்டை எடுத்து, கைக்குட்டைப் பக்கத்தைத் திருப்பி, கண்ணாடிக் குச்சிப் படத்தைப் பார்த்தாள். மறுபடி லென்ஸில் பார்த்தாள்.

"பருத்தி இல்லை அப்பத்தா, அது மட்டும் தெரியுது. பட்டான்னு இதுல சொல்ல முடியாது."

"அப்பறம் எதுலதான் சொல்ல முடியும்?"

"எரிச்சுப் பாத்தா வாசனைல தெரியுமாம். முடி கருகுற வாசனை வந்தா பட்டு. அப்பா சொன்னாங்க. ஆனா உங்க சேலை, நீங்க சரின்னு சொன்னாத்தான்."

அம்மா கொஞ்ச நேரம் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னோர் இழையை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, சாமி மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.